கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் குடிபோகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி வந்துவிடுகிறது. பேச்சு ஒன்றுதான், சொந்தபந்தமும் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் குடிபோவதை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு மாறுவதுபோல நினைத்துவிடுகிறோம். ஆனால் ஆல்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டினால் சிறிது தூரத்திலேயே நிர்வாகம் மாறிவிடுகிறது. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்து, 1963 ஜூலை 1 முதல் ஒன்றியப் பிரதேசமாக இருப்பது புதுச்சேரி. சாதிப் பட்டியல், மருத்துவ இடஒதுக்கீடு, ரேஷன் அட்டை, வண்டி வரி எல்லாம் அங்கே தனி. எனவே சென்னைக்குக் குடிபோகிறவருக்கு வராத சிக்கல்கள் இந்தச் சிறிய தூரத்தில் வரும்.

வேலை புதுச்சேரியில் கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு போகவேண்டுமா, கடலூரிலிருந்தே போய்வரலாமா?

பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் முதல் ஒரு வருடமாவது போய்வருவதே நல்லது என்போம். வருங்கால வைப்பு நிதிக்கு உங்கள் யூ.ஏ.என். எண் நாடு முழுக்க ஒன்றுதான். இ.எஸ்.ஐ.யும் ஒன்றிய அரசின் திட்டம்தான். நீங்கள் வசிக்கும் ஊருக்குப் பக்கத்திலுள்ள மருந்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வேலை செய்யும் இடம் மாறுவதால் மட்டும் வீட்டு முகவரியில் எதையும் மாற்றவேண்டியதில்லை.

இரவுப் பணி, கைக்குழந்தை, பார்த்துக்கொள்ள வேண்டிய பெரியவர்கள் என்று இருந்தால் கணக்கு மாறும். மழைக்காலத்தில் கடலூர்ச் சாலையில் தண்ணீர் ஏறினால் போக்குவரத்தே நின்றுவிடும். இப்படிப்பட்ட குடும்பங்கள் போய்வருவதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் போவதென்றால் முழுதாகப் போகவேண்டும். ரேஷன் அட்டை கடலூரில், வாக்கு புதுச்சேரியில், வண்டி எங்கே வரி குறைவோ அங்கே என்று பிரித்து வைத்திருப்பவர்கள்தான் பின்னால் எந்தச் சான்றிதழும் கிடைக்காமல் அலைகிறார்கள்.

பிள்ளைகள் எந்த வகுப்பில் இருக்கும்போது மாறலாம்?

முடிவை எடுக்கவேண்டியது இந்தக் கேள்வியை வைத்துத்தான். வாடகை, சம்பளம் எல்லாம் இதற்குப் பிறகு.

பிள்ளை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தால் அதன் கையில் இரண்டு பெரிய உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, மருத்துவப் படிப்பில் 2020-இல் சட்டமாகி, அடுத்த ஆண்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. மற்றொன்று, கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள். இவற்றுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும் என்பதே அடிப்படை. நடுவில் ஒரே ஒரு வருடம் புதுச்சேரிப் பள்ளியில் சேர்த்தாலும் இது கைநழுவிப் போகும். திரும்பிவந்து மீண்டும் அரசுப் பள்ளியில் சேர்த்தாலும் அந்த ஓட்டையை அடைக்க வழியில்லை.

மறுபக்கம், புதுச்சேரியின் உள்ளூர் மருத்துவ, பொறியியல் இடங்களை அந்த அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் நிரப்புகிறது. அதற்குப் பிள்ளையோ பெற்றோரோ விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தொடங்குமுன் குடிபோனால் 8, 9, 10, 11, 12 என்று ஐந்து கல்வியாண்டு நிறையும். ஒன்பதாம் வகுப்பில் போனால் நான்குதான். பிளஸ் டூ முடிக்கும்போது புதுச்சேரிக்காரர் என்று சொல்ல முடியாது, தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர் என்றும் சொல்ல முடியாது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளை இருந்தால், அது பள்ளியை முடிக்கும்வரை மாறாதீர்கள். தள்ளிப்போடுவதால் எதுவும் குறைந்துவிடாது.

தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இழப்பு இவ்வளவு இல்லை. தமிழ்நாட்டு மருத்துவ கவுன்சலிங்கில் ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவரிடம் பிறப்பிடச் சான்று கேட்பதில்லை. வெளியே படித்திருந்தால் அந்தச் சான்றோடு பெற்றோரின் பள்ளி, கல்லூரிச் சான்றுகளையும் கேட்பார்கள். அவை கையில் இருந்தால் தமிழ்நாட்டுக்காரராக விண்ணப்பிக்கலாம். அதனால் கடலூரைவிட்டுக் கிளம்பும் முன்பே பிள்ளைக்கும் பெற்றோர் இருவருக்கும் இ-சேவை மூலம் பிறப்பிடச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டையை ஒப்படைத்தபின் கேட்டால் வி.ஏ.ஓ. விசாரணையில், 'இப்போது இங்கே குடியில்லை' என்று திருப்பிவிட வாய்ப்பு அதிகம்.

புதுச்சேரியில் மருத்துவ கட்ஆஃப் குறைவாமே? அதற்காகவே போகலாமா?

வேண்டாம். அங்கே போட்டியிடுபவர்கள் குறைவு என்பது உண்மை. இடங்களும் குறைவு என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அங்கேயும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2023 முதல் 10 விழுக்காடு தனியாகப் போகிறது. ஐந்து வருடம் கழித்து விதி எப்படி இருக்கும், கட்ஆஃப் எங்கே நிற்கும் என்று இன்றைக்குக் கணித்து வீட்டை மாற்றுவது சூதாட்டம்தான். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 விழுக்காடு இடங்களுக்கு நீங்கள் எந்த மாநிலம் என்பதே பொருட்டல்ல.

நீட் முடிந்ததும் இரண்டு பக்கமும் உள்ளூர்க்காரராக விண்ணப்பித்தால் என்ன?

பிறப்பிடம் ஒன்றுதான் இருக்கமுடியும். ஒரே ஆண்டில் இரண்டு மாநிலத்திலும் உள்ளூர் இடம் கேட்பவர்கள்மேல் புகார்கள் எழுந்து, பட்டியல்களை ஒப்பிட்டுப் பெயர்களை நீக்கியதும் நடந்திருக்கிறது. சேர்ந்தபின் கண்டுபிடித்தால் இடமும் போகும், கட்டிய பணமும் போகும், பொய் உறுதிமொழி கொடுத்த வழக்கும் வரும். பாதிக்கப்படுவது பதினெட்டு வயதுப் பிள்ளை. அந்த நிலைக்கு அதைத் தள்ளாதீர்கள்.

ஐந்து வருடம் வசித்ததை எப்படி நிரூபிப்பது?

சான்று கொடுப்பது வட்டாட்சியர் அலுவலகம். தவளக்குப்பம் பக்கம் ஒரு அலுவலகம், லாஸ்பேட்டை பக்கம் வேறொன்று என்று வட்டம் மாறும் என்பதால் வீடு எந்த வட்டம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கோப்பு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று கைமாறித்தான் மேலே போகும். அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். ஆதார் மட்டும் போதும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஆதார் இன்றைய முகவரியைத்தான் காட்டும், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்பதை அது சொல்லாது.

வருடத்துக்கு வருடம் இடைவெளியில்லாமல் காகிதம் வேண்டும். மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, பிள்ளை அங்கே படிப்பதைச் சொல்லும் பள்ளியின் போனஃபைடு சான்று, ரேஷன் அட்டை இவற்றை வருடவாரியாக ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். பெரும்பாலும் சிக்குவது வாடகை ஒப்பந்தத்தில்தான். 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் வாய்வார்த்தையாக நீட்டித்துவிடுவார்கள். மூன்றாம் வருடத்துக்கும் நான்காம் வருடத்துக்கும் காகிதமே இருக்காது. ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதி வாங்குங்கள். வீட்டு உரிமையாளரின் வரி ரசீது நகலும் மின்கட்டண நகலும் தேவைப்படும். முன்பணம் கொடுக்கும் அன்றைக்கே அதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். பணம் கைமாறியபின் கேட்டால் பலர் தயங்குவார்கள்.

பாடத்திட்டம் மாறுமா?

புதுச்சேரிக்குத் தனிப் பாடத்திட்ட வாரியம் கிடையாது. அங்கே தனியார் பள்ளிகளில் பல இன்னும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில்தான் நடக்கின்றன. பொதுத்தேர்வும் தமிழ்நாட்டுத் தேர்வுத் துறையுடையதுதான். அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.-க்கு மாறிவிட்டன. தமிழ்வழியில் படித்த பிள்ளையை எட்டிலோ ஒன்பதிலோ நேராக அதில் சேர்த்தால் கணக்கிலும் அறிவியலிலும் தடுமாறும். மாற்றுவதென்றால் ஆறிலேயே மாற்றுங்கள். டி.சி. வாங்கும்போது கடலூர்ப் பள்ளி, தமிழ்நாட்டுக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸிலிருந்து பெயரை விடுவித்துவிட்டதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியில் பதிவு ஏறுவதில் சிக்கல் வரலாம்.

புதுச்சேரிப் பள்ளிகள் சிலவற்றில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுக்கலாம். மதிப்பெண் வரும் என்று எடுக்கிறார்கள். பிள்ளை பின்னால் தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் போக நினைத்தால், பத்தாம் வகுப்பில் தமிழ் படிக்காதது பெரிய தடையாக நிற்கும். தமிழை விடாதீர்கள்.

நாங்கள் பட்டியல் சாதி. புதுச்சேரியில் இடஒதுக்கீடு கிடைக்குமா?

கடலூரிலிருந்து குடிபோனவர் என்ற முறையில் புதுச்சேரி அரசின் ஒதுக்கீட்டில் உரிமை கோர முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனியாகக் குடியரசுத் தலைவர் ஆணையால் வருவது. புதுச்சேரிக்கு 1964-இல் வந்தது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இலேயே சொன்னது. புதுச்சேரியைப் பற்றி மட்டும் 2005-இல் மாறான தீர்ப்பு ஒன்று வந்தது. பலர் இன்னும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு 2018-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வில் நிலை வேறாகிவிட்டது. சாதியின் பெயர் இரண்டு பட்டியலிலும் ஒன்றாக இருந்தாலும் பயனில்லை. குடிபோனபின் அங்கே பிறக்கும் பிள்ளைக்கும் தந்தையின் பூர்வீக மாநிலமே கணக்கு.

ஒன்றிய அரசு வேலை, வங்கித் தேர்வு, ஐ.ஐ.டி. போன்றவற்றில் உங்கள் தமிழ்நாட்டுச் சான்று எங்கிருந்தாலும் செல்லும். தந்தையின் சான்றைக் காட்டினால், பூர்வீக மாநிலத்தைக் குறிப்பிட்டுக் குடிபெயர்ந்தோருக்கான சான்றைப் புதுச்சேரியிலும் தருவார்கள். அது ஒன்றிய அரசுக் காரியங்களுக்கு மட்டும்.

பழங்குடியினருக்கும் இதுதான் நிலை. புதுச்சேரியில் பழங்குடிப் பட்டியலே 2016 டிசம்பரில்தான் வந்தது. இருளர், அவர்களோடு வில்லி, வேட்டைக்காரர் மட்டுமே அதில் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளின் படிப்பு இடஒதுக்கீட்டை நம்பி இருந்தால் எங்கள் கருத்து ஒளிவுமறைவில்லாதது: வேலைக்குப் போய்வாருங்கள், குடியைக் கடலூரிலேயே வையுங்கள்.

பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு?

தமிழ்நாட்டில் மொத்த ஒதுக்கீடு 69 விழுக்காடு. புதுச்சேரியில் பிரிவுகளின் பெயரும் அளவும் வேறு. இங்கே மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கும் சாதி அங்கே வேறு பிரிவில் இருக்கலாம், பட்டியலிலேயே இல்லாமலும் போகலாம். உங்கள் சான்றில் உள்ள அதே எழுத்தில் அந்தப் பெயர் அங்கே உண்டா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அரசு வேலைத் தேர்வு எழுதுபவர்கள்?

டி.என்.பி.எஸ்.சி. எழுதுபவர் தமிழ்நாட்டு முகவரியை விடவேண்டாம். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமைக்கு 2020-இல் வந்த திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும். புதுச்சேரியில் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாறும் பிள்ளை இதை அன்றைக்கே இழக்கிறது. புதுச்சேரிக்குத் தனித் தேர்வாணையம் இல்லை. உயர் பதவிகள் யூ.பி.எஸ்.சி. வழியாகவும், மற்றவை பணியாளர் துறை வழியாகவும் நிரம்புகின்றன. அந்த இரண்டாம் வகைக்கு அங்குள்ள குடியிருப்புச் சான்று வேண்டும்.

டி.என். 31 வண்டியைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனால் பதிவை மாற்றவேண்டுமா?

தினமும் ஓட்டிப் போய்வந்தால் மாற்றத் தேவையில்லை. வண்டியை அங்கேயே 12 மாதத்துக்குமேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி புதுச்சேரியின் பி.ஒய். எண் வாங்கவேண்டும். முதலில் கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28-இல் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று கேட்கவேண்டும். அதில் சேசிஸ் எண்ணின் பென்சில் தடம் கேட்பார்கள். மெல்லிய தாளை எண்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் பதியும். எண் துருப்பிடித்திருந்தால் தடம் மங்கி, விண்ணப்பம் திரும்பும். முன்நாளே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். கடன் பாக்கியிருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதம் வேண்டும். நிலுவை அபராதம் இருந்தால் என்.ஓ.சி. நகராது.

பிறகு புதுச்சேரியில் படிவம் 27 கொடுத்து, வண்டியின் வயதுக்கேற்ற வரி கட்டிப் புது எண் வாங்கவேண்டும். கடலூரில் கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திருப்பிக் கேட்க, புதிய ஆர்.சி. நகலோடு பழைய அலுவலகத்துக்கு எழுதவேண்டும். புது எண் வந்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். பாலிசியில் பழைய எண் இருந்தால் விபத்து நேரத்தில் இழுத்தடிப்பார்கள். வரி குறைவென்று கடலூரில் இருந்துகொண்டே உறவினர் முகவரியில் பி.ஒய். வண்டி வாங்குவதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டோம். சோதனையில் பிடித்தால் தமிழ்நாட்டு வரியும் அபராதமும் சேர்ந்து மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

ஓட்டுநர் உரிமம்?

நாடு முழுக்கச் செல்லும். முகவரியை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்.

ரேஷன் அட்டை, மகளிர் உரிமைத் தொகை?

மொத்தக் குடும்பமும் போனால் அட்டையை வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கவேண்டும். அந்தச் சான்று இல்லாமல் புதுச்சேரியில் புது அட்டை கிடையாது. ஒருவர் மட்டும் போனால் பெயர் நீக்கச் சான்று போதும். புதுச்சேரியில் வறுமைக்கோட்டுக்குக் கீழே சிவப்பு அட்டை, மேலே மஞ்சள் அட்டை. புதிதாகப் போகிறவருக்குச் சிவப்பு எளிதில் கிடைக்காது, மஞ்சள் என்றே திட்டமிடுங்கள். அட்டை ஒப்படைப்பதோடு தமிழ்நாட்டின் உரிமைத் தொகை, முதலமைச்சர் காப்பீடு எல்லாம் நிற்கும். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' முறையில் வெளியே வாங்க முடிவது முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளின் ஒன்றிய அரசு ஒதுக்கீட்டை மட்டுமே. வீட்டில் டயாலிசிஸ், புற்றுநோய் என்று தொடர் சிகிச்சையில் யாராவது இருந்தால், அங்கே மாற்றுக் காப்பீடு உறுதியாகும்வரை அட்டையைத் தொடாதீர்கள்.

ஜிப்மரில் பார்க்கப் புதுச்சேரி முகவரி வேண்டுமா?

வேண்டாம். அது ஒன்றிய அரசு மருத்துவமனை. கடலூர், விழுப்புரம் மக்கள் இன்றும் அங்கேதான் போய்வருகிறார்கள்.

வாக்காளர் பட்டியல்?

படிவம் 8 கொடுத்தால் பெயர் புதிய தொகுதிக்கு மாறும். படிவம் 6 புதிதாகச் சேருகிறவர்களுக்கு. அதைக் கொடுத்தால் பெயர் இரண்டு இடத்தில் ஏறி, பொய் உறுதிமொழிக் குற்றமாகிவிடும். சொந்த வீடு கடலூரில் இருக்கிறது என்பதற்காக வாக்கை அங்கே வைத்துக்கொள்ள முடியாது. வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கேதான்.

மின்கட்டணம்?

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து, முதல் 100 யூனிட் இலவசம். புதுச்சேரியில் மாதக் கணக்கு, இந்த 100 யூனிட் சலுகை கிடையாது. வீட்டுச் செலவை ஒப்பிடும்போது இரண்டு மாத பில்லை ஒரு மாத பில்லோடு வைத்துப் பார்த்துவிடாதீர்கள்.

'புதுச்சேரி அருகில்' மனை வாங்கலாமா?

எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகும் என்று ஒரே கேள்வி கேளுங்கள். இரண்டு நிலப்பகுதிகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. கிருமாம்பாக்கமும் தவளக்குப்பமும் புதுச்சேரி, ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். கோட்டக்குப்பம் நகரத்தை ஒட்டியே இருந்தாலும் விழுப்புரம் மாவட்டம். அங்கே பத்து வருடம் குடியிருந்தாலும் புதுச்சேரிக் குடியிருப்புச் சான்று வராது. விலையைக் குழிக் கணக்கில் சொன்னால் சதுர அடியில் எழுதி வாங்குங்கள், குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். நகருக்குள் பழைய வீடு வாங்குவதென்றால், உரிமையாளர் குடும்பம் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' வழியா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். அவர்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது, பங்காளிகள் யார் என்பதே மாறிவிடும்.

வெள்ளத்துக்குப் பயந்து கடலூரை விடலாமா?

2011 டிசம்பரில் தானே புயல் இரண்டு ஊருக்கும் நடுவேதான் கரைகடந்தது. 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியபோது கடலூரோடு பாகூர்ப் பக்கமும் மூழ்கியது. எனவே ஊரை மாற்றுவதைவிடத் தெருவைப் பாருங்கள். 2015, 2024 இரண்டிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டால் சுவரைக் காட்டிச் சொல்வார். வீட்டுத் தரகர் அதைச் சொல்லமாட்டார்.

போய்விட்டுப் பிடிக்கவில்லையென்றால் திரும்பலாமா?

பெரியவர்களுக்குத் தடையில்லை, அதே படிவங்களை மறுபடி எழுதவேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்காக மட்டும் மூன்றைக் கைவிடாமல் வையுங்கள்: கிளம்புமுன் வாங்கிய பிறப்பிடச் சான்று, தமிழ்நாட்டுச் சாதிச் சான்று, இதுவரை படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் எந்த வகுப்பு, எந்தப் பயிற்றுமொழி என்று எழுதி வாங்கிய போனஃபைடு. ஆறு வருடம் கழித்துப் பழைய பள்ளியில் போய்ப் பதிவேட்டைத் தேடச் சொல்வதைவிட, டி.சி. வாங்கும் நாளில் அதே மேசையில் இதையும் கேட்டு வாங்கிவிடலாம்.